இரண்டாம் சாட்சி

ஐடாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காலையில் செத்துப்போன புருஷன் கொர்னேலியஸை, எட்டு வயதில் காய்ச்சலில் போன மகள் ஆஷ்லியின் குழியிலேயே வைக்க வேண்டும். ஊர் உலகத்தில் யாரும் கேட்காததை அவள் கேட்டுவிடவில்லை. கோலார் தங்க வயலில் எல்லாக் குடும்பமும் செய்வதுதான். பழைய குழியைத் திறந்து, கிடைக்கிற எலும்பை வெள்ளைத் துணியில் கட்டி, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து மூடுவார்கள். அம்மாவும் மகனும், அண்ணனும் தம்பியும் அப்படி ஒன்றாகப் படுத்துக்கிடக்கிறார்கள்.

ஆனால் அந்தக் குழி இருப்பது சபை நிலத்தில், கொர்னேலியஸ் அந்தச் சபையில் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால், அதுவும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரையும் கொண்டாடுகிற திரித்துவ ஞாயிறு ஆராதனையில், சபை மொத்தமும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவில் குரலை உயர்த்தி, "மூணு பேர் இல்ல, ஒருத்தர்தான்! பொய் சொல்லிக்கினு நிக்காதீங்க!" என்று கத்திவிட்டு வெளியே போனவர் அவர். சண்டை போட மனுஷனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை பாருங்கள்!

அடுத்த மாசமே பேத்தமங்களா ஏரிக்குப் போய், பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று வாங்கிய பழைய ஞானஸ்நானம் செல்லாது என்று, இயேசுவின் பெயரில் மட்டும் இன்னொரு முழுக்கு எடுத்துக்கொண்டார். கூடவே மகன் சைலஸும் முழுகினான். சபைப் பட்டியலில் இருந்து இரண்டு பேரையும் அடித்துவிட்டார்கள். ஐடா மட்டும் தனியாகப் பழைய சபைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய ஒரே லைன் வீடு, ஒரே அடுப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கொரு வழி.

இப்போது கொர்னேலியஸ் முன்னறையில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தார். வாசலில் பந்தலுக்குக் கீழே இரண்டு கட்சி உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் பழைய சபை, வலது பக்கம் கொர்னேலியஸ் போய்ச் சேர்ந்த புது ஐக்கியம். நடுவில் விட்ட வழியில் யாரும் நாற்காலி போடவில்லை.

சபைச் செயலாளர் மாணிக்கராஜ் உள்ளே வந்தார். கொர்னேலியஸோடு ஒரே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஐடாம்மா, கமிட்டியில கேட்டுட்டேன். முடியாதுன்றாங்க. சபை நெலத்துல சபை ஆளைத்தான் வெக்கணும்."

"அது எம் பொண்ணு குழிண்ணே."

"பொண்ணு ஞானஸ்நானம் வாங்குனது மூணு பேர் சொல்லி. இவன் அது வேணாம்னு போனவன். நான் இன்னாம்மா பண்ணட்டும்? அன்னிக்கு அத்தினி பேர் முன்னால என் மூஞ்சியப் பாத்துதாம்மா பொய் சொல்றேன்னு சொன்னான்."

அவருக்கு வலி அங்கேதான் இருந்தது. கடவுள் ஒருவரா மூவரா என்பதெல்லாம் அப்புறம்.

ஐக்கியத்துப் பாஸ்டர் சின்னசாமி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பு லாரி ஓட்டியவர். ஆள் ஆறடி உயரம், குரல் மட்டும் பூப்போல இருக்கும். "சிஸ்டர், எதுக்கு இவங்ககிட்ட கெஞ்சறீங்க? பேத்தமங்களா ரோட்டுல நம்ம ஐக்கியத்துக்கு நெலம் இருக்குது. பிரதரை மரியாதையா அங்க வெப்போம். இங்க அந்த மூணு பேர் சொல்லி அடக்கம் பண்ணாங்கன்னா நாங்க நிக்க மாட்டோம். பிரதருக்கு உசிர் இருந்தா அவரும் நிக்க மாட்டாரு."

பக்கத்து வீட்டு ஜெயம்மா டீத் தட்டோடு இரண்டு கட்சிக்கும் நடுவில் புகுந்து வந்தாள். "எங்கூட்டுச் சொவுத்துல எத்தினி சாமி படம் மாட்டிக்கீது, ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கினதே இல்ல. உங்களுக்கு இருக்கறதே ஒண்ணு, அதுக்கு இவ்ளோ ரகளையா? மொதல்ல டீயக் குடிங்கப்பா." சாவு வீடு என்பதை மறந்து இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஐடாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு தொண்டையைத் தாண்டும்போது அழுகையாகிவிட்டது.

ஜெயம்மாவுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? இது படத்துக்கும் பெயருக்கும் வந்த தகராறு இல்லை. ஆஷ்லியால் வந்த தகராறு.

கோலார் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவில், ஐடாவின் மடியில் பிள்ளைக்கு மூச்சு நின்றது. கொர்னேலியஸ் நடுரோட்டில் இறங்கி நின்று, "என்னை எடுத்துக்கோ, அவள வுட்ரு" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். அடக்கம் முடிந்து மாசக்கணக்கில் பேச்சே இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்: "மகனைச் சாவுறதுக்கு அனுப்பிட்டு, மேல உக்காந்து பாத்துக்கினு இருந்தாராமே பிதா. அவர் இன்னா அப்பன்? நானும் அப்பன்தான். புள்ளைய அனுப்பிட்டு நான் நின்னு பாப்பனா?"

ஆயர்கள் சொன்ன பதில் அவருக்கு இறங்கவில்லை. வருஷங்கள் போய், சின்னசாமியின் கூட்டத்தில்தான் அவருக்கு வேண்டியது கிடைத்தது. யாரும் யாரையும் அனுப்பவில்லை. பிதா வேறு குமாரன் வேறு இல்லை, ஒருவரே. அப்பனே உடம்பெடுத்து இறங்கி வந்து, அப்பனே செத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஐடாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரே வந்துட்டாரு ஐடா, யாரையும் அனுப்பல" என்று தேம்பித் தேம்பி அழுதார். மகள் போன பிறகு மனுஷன் அயர்ந்து தூங்கியது அன்றைக்குத்தான்.

ஆனால் அவரைத் தூங்கவைத்த அந்த வார்த்தை ஐடாவின் தூக்கத்தைப் பறித்துவிட்டது. அவளுக்கு மேலே ஒரு பிதா வேண்டும். தன் பிள்ளை துடித்துச் செத்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர், அந்த வயிற்றெரிச்சல் என்னவென்று தெரிந்த ஒருவர். ஆஷ்லி போன நாள் முதல் அவள் அவரோடுதான் பேசிவந்தாள். பெங்களூர் கார்மெண்ட்ஸுக்குப் போகிற காலை ரயிலில், நெரிசலில் கம்பியைப் பிடித்து நின்றபடி, "உங்களுக்குத் தெரியும் ஆண்டவரே, வேற யாருக்குத் தெரியும்" என்பாள். அப்படி ஒருவர் தனியாக இல்லவே இல்லை என்று புருஷன் சொன்னால் அவள் எங்கே போவாள்?

"சிலுவையில இயேசு யாரைக் கூப்ட்டு அழுதாரு? சொல்லுங்க பாப்போம்!" என்று சண்டைக்கு நிற்பாள். "நீ தனியா இருக்கறப்ப உன்கூடயே பேசிக்கிறது இல்ல?" என்று அவர் திருப்பிக் கேட்பார். தட்டு பறந்த நாட்களும் உண்டு. ஒரே பிள்ளைக்காக அழுத இரண்டு பேருக்கும் ஒரே கடவுள் போதவில்லை, என்னத்தைச் சொல்ல!

கடைசி மாசங்களில் சுரங்கத்துக் கல்தூசி அவர் நெஞ்சை அடைத்துவிட்டது. மூச்சு வாங்கி வாங்கி ஒன்றையே கேட்பார்: "என்னை ஆஷ்லிகிட்ட வெச்சிடு ஐடா. எப்படியாச்சும்."

"அப்போ சபைக்கு வந்து அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிடுங்க."

"அத மட்டும் கேக்காத."

குழியும் வேண்டும், கொள்கையும் வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் கேட்டுவிட்டு மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மாட்டிக்கொண்டவள் இவள்.

வெயில் சாயத் தொடங்கியது. குழி வெட்டுகிறவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் கடப்பாரையோடு காத்திருப்பதாக ஆள் வந்து சொன்னான். மாணிக்கராஜ் கிளம்ப எழுந்தவர், பெட்டியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"கடைசி நேரத்துல ஏதாச்சும் சொன்னானாம்மா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று ஐடாவுக்கு உடனே புரிந்தது. அந்தச் சபைக்கு மைன்ஸ் காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு. கேஜ் சாட்சி என்பார்கள். அடியில் பாறை வெடித்து ஆள் நசுங்கினால் ஆயர் அங்கே போக முடியாது. செத்தவனோடு கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், ஏறி மேலே வந்த இரண்டு பேர் சபை முன்னால் நின்று, "பிதா குமாரன் பரிசுத்த ஆவி பேரைச் சொல்லிக்கினுதான் செத்தான்" என்றால் போதும். குடிகாரனோ, கோயில் பக்கமே வராதவனோ, சபை நிலத்தில் இடம் உண்டு. அவன் நிஜமாகவே வாயைத் திறந்தானா என்று யாரும் துருவியதில்லை. சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பழக்கத்தை யாரும் எடுத்துவிடவில்லை.

"சொன்னாருண்ணே," என்றாள் ஐடா. "மூணு பேரையும் கூப்ட்டாரு. பிதாவே, குமாரனே, பரிசுத்த ஆவியேன்னு. அப்புறந்தான் உசிர் போச்சு."

சின்னசாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

கொர்னேலியஸுக்கு உயிர் போன நேரத்தில் ஐடா பக்கத்தில் இல்லவே இல்லை. ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு ஓடியிருந்தாள். அப்பனை நெஞ்சில் சாய்த்துப் பிடித்திருந்தவன் சைலஸ்.

மாணிக்கராஜ் கிளம்பாமல் திரும்ப உட்கார்ந்தார். நம்பினாரோ இல்லையோ, நம்ப ஆசைப்பட்டார். அது முகத்தில் தெரிந்தது. "ரெண்டு சாட்சி வேணுமே. கூட யாரு இருந்தா?"

"சைலஸ்."

"அப்ப அவனையும் கூட்டிக்கினு வா. ஆயர் முன்னால ரெண்டு பேரும் சொல்லிடுங்க. இருட்டறதுக்குள்ள எடுத்துடலாம்."

சைலஸ் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலை. ஞாயிறானால் ஐக்கியத்தில் கீபோர்டு வாசிப்பான். அப்பனைப் போலவே அகன்ற நெற்றி, அப்பனைப் போலவே பிடிவாதம். அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே பேசினான்.

"கேட்டுச்சும்மா. டாடி அப்படிச் சொல்லல."

"தெரியும்டா."

"'இயேசுவே'ன்னாரு. அவ்ளோதான். அவர் வாய் என் காதுகிட்ட இருந்துச்சு. எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. எனக்குன்னு அவர் வுட்டுட்டுப் போனது அது ஒண்ணுதாம்மா. அத மாத்திச் சொல்லச் சொல்றியா?"

"அவரு ஆஷ்லிகிட்ட வைக்கச் சொன்னாருடா. எப்படியாச்சும்னாரு. நீயும் கேட்டுக்கினுதானே இருந்த?"

"எப்படியாச்சும்னா, அவர் சாமிய வித்துட்டுன்னு அர்த்தமா? நாலு வருஷம் அந்த ஒரு பேருக்காக ஊர் ஏச்செல்லாம் வாங்கினாரு. செத்ததும் அவர் வாயில நீ வேற வார்த்தைய வெக்கிற."

"பாவம்னா அது எம்மேல இருக்கட்டும். நான் தூக்கிக்கிறேன். உனக்கு ஒண்ணும் வராது."

"அடுத்தவங்க பாவத்தத் தூக்க ஒருத்தர்தாம்மா இருக்காரு. அது நீ இல்ல."

முன்பக்கம் யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிற சத்தம் கேட்டது. பேத்தமங்களா ரோடு என்று வழி சொன்னார்கள். அங்கே கொண்டுபோய்விட்டால் அவ்வளவுதான், அவர் ஒரு மூலை, பிள்ளை ஒரு மூலை. எட்டு வயதுப் பிள்ளை இத்தனை வருஷமாகத் தனியாகக் கிடக்கிறாள். அப்பன் வந்துவிடுவான் என்று ஐடா ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவளிடம் சொல்லிவந்திருக்கிறாள்.

பெற்ற தாய் மகன் காலில் விழலாமா? விழுந்தாள். ஈரத் தரையில் முட்டி போட்டு அவன் இரண்டு பாதத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு வார்த்தைடா. அப்புறம் சாவுற வரைக்கும் உங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். என் ராசா, என் புள்ள."

"எழுந்திரும்மா. ஐயோ, எழுந்திரு!" அவன் காலை உருவப் பார்த்தான், முடியவில்லை. அப்புறம் அவன் குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். "வரேன்," என்றான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

ஆயர் இளவயதுக்காரர், வேலூர்ப் பக்கத்திலிருந்து போன வருஷம் வந்தவர். கொர்னேலியஸின் கூச்சலை அவர் கேட்டதில்லை. கோயிலை ஒட்டிய சின்ன அறையில் இரண்டு பேரையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசினார். "அம்மா, நாங்க கல்நெஞ்சுக்காரங்கன்னு நினைக்காதீங்க. இது வெறும் பேரு இல்ல. உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே கடவுள் தனியா இல்ல. நேசிக்க ஒருத்தர், நேசிக்கப்பட ஒருத்தர், அந்த நேசமாவே ஒருத்தர். ஒரு குடும்பமா இருந்தார். அதனாலதான் நம்மளையும் குடும்பமா சேர்க்கிறார். அத விட்டுட்டா எனக்குப் பிரசங்கம் பண்ண ஒண்ணும் இல்லம்மா." அவர் நல்லவர். நல்லவரிடம் பொய் சொல்வதுதான் கஷ்டம். ஐடா சொன்னாள்.

ஆயர் சைலஸ் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களும் கேட்டீங்களா?"

சைலஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாணிக்கராஜ் தொண்டையைக் கனைத்தார். ஐடா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். காய்ச்சலில் கிடந்த ஆஷ்லி ஆட்டோவில் அவளைப் பார்த்த மாதிரி இருந்தது.

"பிதா," என்றான். நிறுத்தினான். "குமாரன். பரிசுத்த ஆவி."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" என்றார் ஆயர், மனம் நிறைந்து. "தம்பி, நீங்களும் அந்த விசுவாசத்துக்கு..."

"டாடிய மட்டும் கேளுங்க ஐயா. என்னை வுட்ருங்க."

சாவு மணி அடித்தது. பெட்டி வீட்டிலிருந்து கிளம்பிப் பழைய சபைப் பக்கம் திரும்பியபோது ஐக்கியத்தார் யாரும் பின்னால் வரவில்லை. சின்னசாமி மட்டும் சைலஸிடம் வந்தார். "நீயும் கேட்டியாமே," என்றார். "கடைசி வரைக்கும் பிரதர் அந்த ஒரு நாமத்துல நிப்பாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்கள எல்லாம் அவரு புடிச்சி நிறுத்துனாரு. அவரே வுட்டுட்டாரா?" அந்த ஆறடி மனுஷர் பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

கல்லறைத் தோட்டத்தில், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில் மண் பறந்தது. குழி வெட்டுகிறவர் மேலே ஏறிவந்து வெள்ளைத் துணி மூட்டையை ஐடாவின் கையில் கொடுத்தார். ஒரு படி அரிசிக் கனம்கூட இல்லை. துணி இடுக்கில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வளையல், நிறம் மாறாமல். "வந்துட்டாரு பாரு ஆஷ்லி," என்று அதன் காதில் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் கணத்தில் அவள் செய்தது எதுவும் அவளுக்குத் தப்பாகப் படவில்லை.

"நம் சகோதரர் கடைசி மூச்சில் திரியேக தேவனிடம் திரும்பி வந்தார்," என்று ஆயர் கூட்டத்துக்குச் சொன்னார். மாணிக்கராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய நண்பன் மன்னிப்புக் கேட்டுவிட்டான், அவருக்கு அது போதும். எல்லோரும் வரிசையாக வந்து மண் போட்டார்கள். சைலஸ் மட்டும் மதில் ஓரம் நின்றான். மாணிக்கராஜ் இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஐடா அவனிடம் போனாள். "வாடா, வூட்டுக்குப் போலாம்."

"கொஞ்ச நேரம் முன்னால ஜெபம் பண்ணலாம்னு கண்ண மூடுனேம்மா," என்றான். குரலில் அழுகைகூட இல்லை. "யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. டாடி சொன்ன பேரைச் சொல்ல வாய் கூசுது, நான் அதத்தானே இல்லன்னு சொன்னேன். ஆயர் சொல்ற பேரச் சொன்னா அது பொய்ச்சாட்சி. ஐக்கியத்துல இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போய் வாசிப்பேன்?"

"எல்லாம் சரியாப் பூடும்டா. கொஞ்ச நாள்..."

"டாடிய எங்க வெச்சோம்னு தெரியுது. ஆஷ்லி எங்க இருக்கான்னு தெரியுது. என்னை எங்கம்மா வெச்ச?"

கேட்டுவிட்டு அவன் பதிலுக்கு நிற்கவில்லை. கல்லறைகளுக்கு நடுவே நடந்து வாசலைப் பார்த்துப் போனான்.

ஐடா வழக்கம்போல மேலே பார்த்தாள். ரயிலில் கம்பியைப் பிடித்தபடி இத்தனை வருஷம் யாரிடம் பேசினாளோ அவரைப் பார்த்தாள். 'உங்களுக்குத் தெரியும் ஆண்டவரே' என்று தொடங்கியவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கொர்னேலியஸ் கேட்டதுதான் காதில் விழுந்தது. புள்ளைய அனுப்பிட்டு நான் நின்னு பாப்பனா? இன்றைக்குப் பிள்ளையை அனுப்பியவள் அவள்; அன்றைக்கு அவர் ஏன் அப்படித் துடித்தார் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் புது மண்ணுக்கு அடியில் மகளோடு படுத்திருந்தார்.

"சைலஸு!" என்று கத்தினாள். "டேய் சைலஸு! அவரு சொல்லலடா, நான் போய்ச் சொல்லிடறேன், எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், வந்துடுடா!"

வாசலில் கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை.